பவுடர் புளூவைத் தொட்டியில் விடுவதற்கு முன் பன்னிரண்டு நாள்

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம். வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி வைப்பது பற்றி உங்கள் வார இதழில் வந்த கட்டுரையில், தொட்டிக்கு அழகு சேர்க்கும் முதல் மீனாகப் ‘பவுடர் புளூ’வைச் சொல்லியிருந்தார்கள். நாளாந்தம் கொஞ்சம் அவித்த கீரை போட்டால் போதும் என்றும் எழுதியிருந்தார்கள். இந்த இரண்டு வரிகளையும் திருத்தாமல் விட்டால் நல்ல மீன்கள் வீணாகச் சாகும் என்பதால் இதை எழுதுகிறேன்.

பவுடர் புளூ தொட்டியில் முதலில் விடும் மீன் அல்ல. எல்லா மீனும் விட்ட பிறகு, தொட்டிக்குக் குறைந்தது ஒரு வயதாவது ஆன பிறகு, கடைசியாக விடவேண்டிய மீன். இந்து சமுத்திரத்துக்கே உரிய இனம் அது. நீல உடல், கறுத்த முகம், மஞ்சள் முதுகுச் செட்டை, தொண்டைக்குக் கீழே வெள்ளைப் பட்டை. 1833இல் பென்னெட் என்ற விலங்கியலாளர் இதற்கு வைத்த விஞ்ஞானப் பெயரிலேயே ‘வெண்மார்பு’ என்ற பொருள் இருக்கிறது. முருகைக்கல் பாரின் மேல்விளிம்பில், அலை அடித்துத் திரும்பும் ஆழமில்லாத தெளிந்த நீரில் வாழ்கிறது. அங்கே தண்ணீரில் ஒட்சிசன் நிறைய உண்டு. நம்முடைய ஓரா மீன் பாசியை எப்படி மேய்கிறதோ அப்படித்தான் இதுவும் விடிந்ததிலிருந்து பொழுதுபடும் வரை கல்லைக் கொத்திக்கொண்டே நீந்தும். ஒரு வேளைக்கு நிறையத் தின்று மறுவேளை வரை காத்திருக்கும் குடல் இதற்கு இல்லை. பிடித்த இடத்திலிருந்து கடைத் தொட்டிக்கு வந்துசேரும் நாட்களில் இது பட்டினி கிடக்கிறது. போதாக்குறைக்கு மற்றக் கடல் மீன்களைவிட இதன் செதில் மிகச் சிறியது. வெள்ளைப்புள்ளி நோய்க் கிருமி முதலில் தேடிப் பிடிப்பது இதைத்தான்.

ஆகவே கடையிலேயே பாதி முடிவாகிவிடும். சந்தையில் மீன் வாங்கும்போது பூ (செவுள்) சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பது போல, இங்கே வயிற்றைப் பார்க்கவேண்டும். பக்கச் செட்டைக்குப் பின்னால் வயிறு உள்ளே குழிந்திருந்தால் அது சில நாள் பட்டினி. கண்ணுக்கு மேலே, முதுகுச் சதை வற்றி எலும்பு விளிம்பு தெரிந்தால் அது பல நாள் பட்டினி. அந்த மீன் பிறகு தின்னத் தொடங்கினாலும் பெரும்பாலும் தேறாது. கடைக்காரரிடம் உங்கள் கண்முன்னே ஒரு துண்டுப் பாசி போடச் சொல்லுங்கள். கொத்தாத மீனை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்கவேண்டாம். செவுள் மூடி படபடவென்று அடித்தாலோ, தண்ணீர் வந்து விழும் குழாய்க்கு எதிரே போய் அசையாமல் நின்றாலோ விட்டுவிடுங்கள். அளவில் 8 முதல் 10 சென்ரிமீற்றர் வரையானது நல்லது. அதைவிடச் சிறியதில் சதை இருப்பு போதாது. 15 தாண்டியது புது உணவுக்கு இலேசில் பழகாது.

வாங்கிய மீனை நேரே பெரிய தொட்டிக்குள் விடுவதுதான் எங்கள் ஊரில் நடக்கும் முதற் பிழை. முன்னேற்பாடு ஒன்று உண்டு. அதற்கு மருந்து வேண்டாம், தண்ணீர்தான் நிறைய வேண்டும். உப்புப் பொதி வாங்கித் தண்ணீர் கரைக்கும் ஊர்களில் அது செலவான வேலை. நமக்குக் கடல் பக்கத்தில் இருக்கிறது.

வெள்ளைப்புள்ளிக் கிருமியான கிரிப்டோகேரியனின் வாழ்க்கை வட்டத்தை விளங்கிக்கொண்டால் இந்த முறை தானாக விளங்கும். மீனின் உடம்பில் உப்புக்கல் ஒட்டியது போலத் தெரியும் புள்ளி, தோலுக்கு அடியில் இருந்து தின்னும் ஒட்டுண்ணி. 3 முதல் 7 நாள் வரை தின்றுவிட்டு அது தானே கழன்று கீழே விழுகிறது. விழுந்ததும் சில மணித்தியாலத்துக்குள் மணலிலோ கல்லிலோ ஒட்டிக் கூடு கட்டி, உள்ளே பலநூறாகப் பெருகுகிறது. எவ்வளவு விரைவாக வெடித்தாலும் கூடு வெடிக்கக் குறைந்தது 3 நாளாவது எடுக்கும். சில கூடுகள் பல கிழமைகள் கழித்து வெடிக்கும். வெளியே வரும் குஞ்சுகளுக்கு ஓரிரு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் செத்துவிடும். ‘புள்ளி போய்விட்டது, மீனுக்குச் சுகம்’ என்று பலர் நினைப்பது இதனால்தான். மீனில் இருந்து மறைந்த புள்ளி மணலில் பெருகிக்கொண்டிருக்கிறது. ஒரு கிழமை கழித்து மறுபடி வரும்போது பத்துப் புள்ளி இருந்த இடத்தில் நூறு இருக்கும், செவுளுக்குள்ளும் இருக்கும். மீன் சாவது தோலில் உள்ள புள்ளியால் அல்ல, செவுள் அடைபடுவதால்.

கூடு வெடிக்குமுன் மீனை இடம் மாற்றிவிட்டால் வட்டம் அறுந்துவிடும். 100 லீற்றர் கொள்ளும் பிளாஸ்டிக் தொட்டி இரண்டு வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு காற்றுக்கல், காற்றுக் குழாய், மீன் ஒளிய 4 அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்று, மூட வலை ஒன்று. மணல் வேண்டாம், கல் வேண்டாம், வடிகட்டியும் வேண்டாம். முதல் நாள் மீனை முதல் தொட்டியில் விடுங்கள். 4ஆம் நாள், 72 மணித்தியாலம் முடிவதற்குள், இரண்டாம் தொட்டிக்கு. பிறகு 7ஆம், 10ஆம், 13ஆம் நாட்களில் மாறி மாறி. மொத்தம் நான்கு மாற்றங்கள், பன்னிரண்டு நாள். கடைசியாகப் போய்ச்சேரும் தொட்டி கிருமி இல்லாத சுத்தமான தொட்டியாக இருக்கவேண்டும். 72 என்பது உச்ச எல்லை. சனிக்கிழமை மாலை வேலை இருக்கிறது, ஞாயிறு காலை மாற்றலாம் என்று தள்ளிப்போட்டால் அதுவரை செய்த எல்லாம் வீண்.

மீனை வலையால் பிடிக்கக் கூடாது. வாலின் அடியில் இரு பக்கமும் கத்தி போல ஒரு முள் மடிந்திருக்கிறது; அது வலைக் கண்ணில் சிக்கினால் மீனும் கிழியும், பிரிக்கப்போனவர் விரலும் கிழியும். அகலமான பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் மெதுவாகத் தள்ளி, தண்ணீரை வடித்து, ஈர மீனாக மட்டும் மற்றத் தொட்டிக்குள் சாயுங்கள். பழைய தண்ணீர் ஒரு கோப்பைக்கு மேல் கூடப் போகக் கூடாது. இரண்டு தொட்டியும் ஒரே அறையில் இருந்தால் வெப்பநிலை தானாக ஒத்துவரும். உப்படர்த்தியை அளந்து 1.024க்கு இரண்டையும் சமப்படுத்துங்கள்.

வெறுமையாகும் தொட்டியையும் அதன் சாமான்களையும் நன்னீரால் தேய்த்துக் கழுவி ஒரு முழுப் பகல் வெயிலில் காயவிடவேண்டும். எங்கள் வெயிலில் இது சுலபம். காற்றுக்கல்லின் நுண்துளைக்குள் ஈரம் நின்றால் போதும், கூடு பிழைத்துக்கொள்ளும். ஆகவே கல்லைக் கையில் எடுத்தால் தூள் போல உலர்ந்திருக்க வேண்டும். மாரியில் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மப்பாக இருக்கும்போது வெயிலை நம்பாமல், குளோரீன் வெளுப்புத் திரவம் கலந்த நீரில் ஒரு இரவு ஊறப்போட்டு அலசிக் காற்றில் உலர்த்துங்கள். காற்றுக்கல்லை அந்த மாதங்களில் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுவதே நல்லது, விலை அதிகமில்லை.

தண்ணீர் எங்கே எடுப்பது என்பதில்தான் பலர் பிழைவிடுகிறார்கள். யாழ்ப்பாணக் கடல்நீரேரி வேண்டாம். மாரியில் மழைநீர் சேர்ந்து அதன் உப்பு இறங்கும், கோடையில் காய்ந்து கடலைவிட ஏறும், ஊர் வாய்க்கால்களும் அதில்தான் விழுகின்றன. கீரிமலைப் பக்கமும் வேண்டாம். கரையில் நன்னீர் ஊற்று கடலோடு கலக்கிற இடம் அது. வடகரையில், ஆற்றுவாயோ வாய்க்காலோ படகுத்துறையோ இல்லாத இடத்தில், கடல் அமைதியாக இருக்கும் நாளில் எடுங்கள். வாடைக் காற்று மாதங்களில் கரை கலங்கிக் கிடக்கும். ஆகவே அதற்கு முன்பே எடுத்து, மூடிய உணவுப் பரல்களில் இருட்டில் வைத்துக்கொள்ளலாம்.

எடுத்த தண்ணீரைத் துணியால் வடித்து ஒரு நாள் அடங்கவிட்டு, நறுமணமோ சவர்க்காரமோ சேராத 5 சதவீத வெளுப்புத் திரவத்தை 100 லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் விடுங்கள். லீற்றருக்கு 10 மில்லிகிராம் குளோரீன் ஆகும். அடுத்த நாள் குளோரீனை நீக்கும் சோடியம் தயோசல்பேற்று கரைத்து விடவேண்டும். 100 லீற்றருக்கு 7 கிராமுக்கு மேல் தேவைப்படாது. குளோரீன் சோதனை வில்லை பூச்சியம் காட்டிய பிறகு இன்னும் ஒரு நாள் காற்று ஓடவிட்டுப் பாவியுங்கள். மூக்கால் மணந்து பார்த்துக் ‘குளோரீன் இல்லை’ என்று முடிவுசெய்யவேண்டாம். மீனுக்குத் தாங்காத அளவு மனித மூக்குக்குத் தெரியாது.

செப்பு மருந்து பற்றி ஒரு வார்த்தை. இடமாற்ற முறை வெள்ளைப்புள்ளியைத்தான் தீர்க்கும். பொன்தூள் தூவியது போல மிக நுண்ணிய படலமும் வேக மூச்சும் தெரிந்தால் அது அமிலூடினியம் என்ற வேறு கிருமி; இரண்டு மூன்று நாளில் மீனைக் கொன்றுவிடும், அதற்குச் செப்பு வேண்டும். பிணைக்கப்பட்ட செப்பு என்றால் லீற்றருக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம் வரை. பவுடர் புளூவுக்கு அதை ஒரே நாளில் ஏற்றினால் சாப்பிடுவதை நிறுத்திவிடும். நான்கைந்து நாளில் படிப்படியாக ஏற்றி, நாளுக்கு இரு முறை அளந்து, முழு அளவில் 30 நாள் வைத்திருக்கவேண்டும். சோதனைப் பெட்டி இல்லாதவர் செப்பைத் தொடவே கூடாது. முருகைக்கல்லும் மணலும் செப்பை உறிஞ்சிவிடும், இறாலும் நத்தையும் பவளமும் செத்துவிடும், ஆகவே பெரிய தொட்டிக்குள் அது ஒருநாளும் போகக் கூடாது. செப்பு இருக்கும் தண்ணீரில் அமோனியா நீக்கும் திரவங்களை விடுவதும் ஆபத்து. அவை செப்பை இன்னும் நச்சான வடிவுக்கு மாற்றிவிடும். தோல் தட்டைப்புழு சந்தேகம் என்றால் மிருக வைத்தியரிடம் கேட்டுப் பிராசிகுவான்ரல் என்ற புழு மருந்து லீற்றருக்கு 2.5 மில்லிகிராம், ஒரு கிழமை இடைவெளியில் இரு முறை. வெள்ளைப்பூண்டுச் சாறு நோயைத் தீர்க்கும் என்று சொல்வதை நம்பவேண்டாம். சாப்பாட்டுக்கு மணம் கொடுக்கும், அவ்வளவுதான்.

இனி உணவு. புதிதாக வந்த மீனுக்குத் தண்ணீரில் மிதக்கும் தாள் உணவு என்று தெரியாது. கடலில் அது பாசியைக் கண்டது கல்லில்தான். கையளவு தட்டைக் கல் ஒன்றை எடுத்து, பச்சைத் தாள் போன்ற உல்வா பாசியை அதன்மேல் பரப்பி, இறப்பர் வளையத்தால் கட்டித் தொட்டியின் அடியில் வையுங்கள். ஒதுங்கி நின்று பாருங்கள். முதலில் சுற்றிச் சுற்றி வரும், பக்கவாட்டில் சாய்ந்து ஒரு கண்ணால் பார்க்கும், பிறகு ஒரு கொத்து. அந்த முதல் கொத்தில் பாசியின் ஓரம் அரிவாளால் அறுத்தது போல அரைவட்டமாக வெட்டுப்பட்டிருக்கும். அதைக் கண்டுவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. கஞ்சிப்பாசி என்கிற கிரசிலேரியாவும் நன்றாகத் தின்னும். எங்கள் கரையில் கிடைப்பதை எடுக்கலாம், ஆனால் அழுகி ஒதுங்கியதை அல்ல, கல்லில் பிடித்திருப்பதை. பச்சையாகக் கொடுத்தால் அதோடு கிருமிக் கூடும் வரக்கூடும். நன்னீரில் அலசி வெயிலில் நன்றாகக் காயவைத்தோ, ஆழ்குளிரில் உறையவைத்தோ கொடுங்கள்.

தின்னப் பழகிய பிறகு, கடையில் விற்கும் நோரி என்ற உலர்ந்த கடற்பாசித் தாள் வசதி. உப்பும் எண்ணெயும் சுவையூட்டியும் சேர்க்காததாகப் பார்த்து வாங்கவேண்டும். சிற்றுண்டியாகத் தின்ன விற்கும் சிறு பொதிகளில் பெரும்பாலும் எண்ணெய் பூசியிருக்கும். 10 சென்ரிமீற்றர் மீனுக்கு ஒரு முழுத் தாளின் காற்பங்கு ஒரு நாளுக்குச் சரி. அதையும் ஒரே தடவையில் வைக்காமல் காலை, மதியம், பின்னேரம் என்று மூன்றாகப் பிரித்து, மூன்று வேறு இடங்களில் வையுங்கள். ஒரே இடத்தில் வைத்தால் அந்த மூலையைத் தன் காணியாக்கி மற்ற மீன்களை அடிக்கும். அதோடு ஸ்பைருலினா உருண்டை ஒரு சிட்டிகை. கிழமைக்கு மூன்று நான்கு நாள் உறைந்த மைசிஸ் (இறால் போன்ற சிற்றுயிர்) அல்லது மிகப் பொடியாக அரிந்த இறால், கணவாய். இது பாசி மீன்தான், ஆனால் மெலிந்து வந்த மீனைச் சதை பிடிக்கவைக்க இந்தப் புரதம் வேண்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை பாசித் துண்டில் மீன் விற்றமின் திரவம் இரண்டு துளி விட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்துக் கொடுங்கள்.

கீரைக்கு வருவோம். பசளியோ முளைக்கீரையோ தின்னும், மறுக்கவில்லை. வயிறும் நிரம்பியது போலத் தெரியும். ஆனால் கடற்பாசியில் உள்ள அயடீனும் கடல் கொழுப்பும் கீரையில் இல்லை. மாதக்கணக்கில் கீரையில் ஓடும் மீனின் நெற்றியிலும் பக்கக் கோட்டிலும் தோல் அரிந்து குழி விழத் தொடங்கும், நீலம் சாம்பலாக மங்கும். கழுவாத கரித்தூளை வடிகட்டியில் போடுவதும் இதே குழியை உண்டாக்கும். கரி பாவிப்பவர்கள் கறுப்புத் தண்ணீர் நிற்கும் வரை அலசிப் போடவேண்டும். மாட்டிறைச்சி, கோழி ஈரல் போன்றவற்றைச் சிலர் அரைத்துக் கொடுக்கிறார்கள். அந்தக் கொழுப்பு இந்த மீனின் ஈரலில் படிந்துவிடும்.

பெரிய தொட்டி 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் இருக்கவேண்டும்; ஏறத்தாழ 680 லீற்றர். மூன்றடித் தொட்டியில் ‘சின்ன மீன்தானே’ என்று விடக் கூடாது. நீந்த இடமில்லாத பவுடர் புளூ கண்ணாடி ஓரமாக மேலும் கீழும் ஓடி ஓடியே இளைக்கும். ஒன்றுதான் விடலாம், அதன் இனத்தில் வேறெதுவும் கூடாது. அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியம், நைத்திரேற்று லீற்றருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே, வெப்பம் 25 முதல் 27 பாகை. நாள் முழுக்கத் தின்பது நாள் முழுக்கக் கழிக்கும். ஆகவே தொட்டியின் அளவுக்கு மேலான ஸ்கிம்மரும் (கழிவை நுரையாக்கி அகற்றும் கருவி), கிழமைக்கு 10 முதல் 15 சதவீதத் தண்ணீர் மாற்றமும் கட்டாயம்.

வெப்பம்தான் இங்கே பெரிய போராட்டம். 25 பாகையில் ஒரு லீற்றர் கடல்நீர் சுமார் 6.7 மில்லிகிராம் ஒட்சிசன் பிடிக்கும். 30 பாகையில் 6.2 தான். வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். அதே நேரம் சூட்டில் மீனின் தேவை ஏறுகிறது, இரவில் தொட்டிப் பாசியும் ஒட்சிசனை இழுக்கிறது. நீர்ப்பரப்பின் குறுக்கே ஒரு மேசை விசிறி ஓடினால் 2 அல்லது 3 பாகை இறங்கும். அதற்கு விலையாக நாளுக்குப் பல லீற்றர் ஆவியாகும். அந்த இடத்தைக் கடல்நீரால் நிரப்பினால் உப்பு ஏறிவிடும், நன்னீர்தான் விடவேண்டும். வலிகாமத்துக் கிணற்றுத் தண்ணீர் இதற்குச் சரிவராது. சுண்ணக்கல் நீர், தோட்டத்துப் பசளையால் நைத்திரேற்றும் கூட. மாரி மழையைச் சேமியுங்கள். முதல் மழையை ஓடவிட்டு, ஓட்டுக் கூரையிலோ திறந்த வெளியில் விரித்த சுத்தமான பிளாஸ்டிக் விரிப்பிலோ பிடிக்கலாம். தகரக் கூரை நீர் வேண்டாம், நாகம் (துத்தநாகம்) கரைந்து வரும்.

மின்சாரம் நின்றால் நீரோட்டம் நிற்கும், ஒட்சிசன் முதலில் தட்டுப்படுவது இந்த மீனுக்குத்தான். மின்சாரம் போனதும் தானாக ஓடத் தொடங்கும் பற்றரிக் காற்றுப் பம்பி ஒன்றை எப்போதும் பூட்டி வையுங்கள். அது இல்லாத வீட்டில் ஒரு கோப்பையால் தண்ணீரை அள்ளி ஓரடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்த நேரத்தில் உணவு போடவேண்டாம்.

கட்டுரையை நம்பி ஏற்கெனவே பவுடர் புளூவை வாங்கி, இப்போது புள்ளியோடு தொட்டியில் வைத்திருப்பவர்களுக்கு: மருந்துக் கடைக்கு ஓடவேண்டாம். தொட்டியில் உள்ள எல்லா மீனையும், புள்ளி இல்லாதவற்றையும் சேர்த்து, வெளியே எடுத்து மேலே சொன்ன இடமாற்றத்தில் போடுங்கள். பெரிய தொட்டியை 76 நாள் மீனே இல்லாமல் ஓடவிடுங்கள். இறாலும் நத்தையும் பவளமும் உள்ளே இருக்கலாம், கிருமி அவற்றில் வாழாது. அந்த 76 நாளில் ஒரு சின்ன மீன்கூட உள்ளே போனால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். இந்த நாட்களில் கல்லில் பாசி பச்சையாகப் படரும். தேய்த்துக் கழுவாமல் விடுங்கள்; திரும்பி வரும் பவுடர் புளூ முதலில் மேயப்போவது அதைத்தான்.

அடுத்த இதழில் அந்த இரண்டு வரிகளுக்கும் ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
கடல்நீர்த் தொட்டிப் பராமரிப்பாளர்,
யாழ்ப்பாணம்.